ஐவர் குடும்பத்துக்கு அறை எங்கே? மந்தினிலிருந்து கேளிக்கைப் பூங்கா செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

மந்தின் – பள்ளி விடுமுறை நெருங்கினால் மந்தின், பாஜம், லெங்கெங் வட்டார வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். "இந்தத் தடவையாவது பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிப் போயிடணும்." அன்றிரவே அப்பாவோ அம்மாவோ கைப்பேசியில் தங்கும் விடுதி தேடத் தொடங்குவார்கள். பெரியவர் இருவர், சிறார் இருவர் என்று தட்டும் வரை எல்லாம் சரியாகவே இருக்கும். சிறார் எண்ணிக்கையை மூன்றாக மாற்றியதும் திரையில் பாதி விடுதிகள் காணாமல் போகும். மீதமிருப்பவை 'இரண்டு அறைகள்' என்று சொல்லி இரட்டிப்பு விலையைக் காட்டும்.

விடுதி அறைகள் நால்வரை மனத்தில் வைத்தே கட்டப்படுகின்றன. ஒரு பெரிய கட்டில், அல்லது இரண்டு நடுத்தரக் கட்டில்கள், அவ்வளவுதான். நம் குடும்பங்களோ அந்தக் கணக்கில் அடங்குவதில்லை. மூன்று பிள்ளைகள் உள்ள வீடும் உண்டு. இரண்டு பிள்ளைகளோடு பாட்டியும் சேர்ந்து ஐவரான வீடும் உண்டு. தோட்டத்து லயத்தில் ஒரே கூடத்தில் பாய் விரித்து எட்டுப் பேர் படுத்து வளர்ந்த தலைமுறைக்கு இந்த 'நால்வர்' கணக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால், பணம் கட்டும் இடத்தில் அது வேடிக்கையாக இருப்பதில்லை.

ஒரு பேச்சுக்கு, அறை ஒன்று இரவுக்கு 450 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் 1,800 ரிங்கிட். அதன்மேல் 8 விழுக்காடு சேவை வரி 144 ரிங்கிட். ஆக 1,944 ரிங்கிட். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 ரிங்கிட். பூங்காவுக்குள் கால் வைக்கும் முன்பே ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. அதனால் எந்த விடுதி அழகானது என்பதைவிட, ஐந்தாவது ஆளை எங்கே படுக்க வைக்கப் போகிறோம் என்ற கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும்.

அந்த ஐந்தாவது ஆள் யார்?

இரண்டு வயதுக்கு உட்பட்ட கைக்குழந்தை என்றால் சிக்கல் இல்லை. பெரும்பாலான விடுதிகள் கைக்குழந்தையைக் கணக்கில் சேர்ப்பதில்லை. தொட்டில் கட்டில் கேட்டால் தருவார்கள். ஆனால், ஒரு விடுதியில் இருப்பதே சில தொட்டில்கள்தான் என்பதால் முன்பதிவின்போதே சொல்லி வைப்பது நல்லது.

பன்னிரண்டு வயதைத் தொட்ட பிள்ளை என்றால் கதை வேறு. பல விடுதிகளின் கணக்கில் அவர் 'பெரியவர்'. ஆறாம் ஆண்டு படிக்கும் மகனும் பெரியவர், அவனுடைய அப்பாவும் பெரியவர். பதிவின்போது வயது கேட்கும் கட்டத்தில் உண்மையான வயதையே போடுங்கள். பதினொன்று என்று போட்டுவிட்டுப் போய், முகப்பில் மைகிட், மைகாட் அட்டைகளைக் கேட்டால் அங்கேயே கூடுதல் பணம் கட்ட நேரும். அதுவும் விடுமுறைக் கால விலையில்.

ஐந்தாவது ஆள் பாட்டியோ தாத்தாவோ என்றால் அறையின் எண்ணிக்கையைவிட அறையின் அமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும். குளியல் தொட்டிக்குள் ஏறி இறங்கிக் குளிக்க வேண்டுமா, தரையோடு தரையாக நின்று குளிக்க முடியுமா? சோபா கட்டிலின் உயரம் எவ்வளவு? மின்தூக்கி அறைக்கு அருகில் உள்ளதா? இவற்றை இணையப் படங்களில் கண்டுபிடிக்க முடியாது. விடுதிக்குத் தொலைபேசியில் அழைத்துத்தான் கேட்க வேண்டும்.

சிலர் நால்வருக்குப் பதிவு செய்துவிட்டு, ஐந்தாவது பிள்ளையை மெதுவாக உள்ளே அழைத்துச் செல்வதுண்டு. இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். காலைப் பசியாறலுக்கு உட்காரும்போது எண்ணிக்கை தெரிந்துவிடும் என்பது ஒரு காரணம். தீ விபத்து போன்ற அவசர வேளையில் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று விடுதிக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

தங்கத்தான் வேண்டுமா?

மந்தின் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. லெக்காஸ் நெடுஞ்சாலை வாசலிலேயே இருக்கிறது. நீலாய் பக்கம் போனால் வடக்கு தெற்கு நெடுஞ்சாலையும் இருக்கிறது. சன்வே லகூன் சாலை நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரப் பயணம். 1990களிலிருந்து இயங்கிவரும் அந்தப் பூங்காவுக்கு அருகிலேயே நல்ல விடுதிகள் இருப்பது உண்மைதான். ஆனால், காலையில் போய் இரவு வீடு திரும்பக்கூடிய தூரத்தில் இருக்கும் இடத்துக்கு, ஐவருக்கு இரண்டு அறை எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பணத்தில் டிக்கெட்டும் சாப்பாடும் முடிந்துவிடும். கார் இல்லாதவர்கள்கூட நீலாயில் கொமுட்டர் ரயில் ஏறி, கேஎல் சென்ட்ரலில் மாறி, செத்தியா ஜெயாவில் இறங்கினால் பிஆர்டி பேருந்து சன்வே லகூன் நிலையத்துக்கே கொண்டுபோய் விடும். சிறு பிள்ளைகளோடு நெடும் பயணம்தான். ஆனால் முடியாதது அல்ல.

ஆக, விடுதி தேவைப்படுவது மூன்று இடங்களுக்கு: ஜொகூரின் லெகோலேண்ட், பகாங்கின் கெந்திங் மலை, மலாக்காவின் அ ஃபமோசா. ஈப்போ தம்புனில் உள்ள லோஸ்ட் வேர்ல்ட் பூங்காவும் நல்ல தேர்வே. 2004இல் திறக்கப்பட்ட அந்தப் பூங்காவில் வெந்நீர் ஊற்று இருப்பதால் மூட்டுவலி உள்ள பெரியவர்களும் போக விரும்புவார்கள். ஆனால் அங்கே பெரும்பாலும் ஈப்போவில் உறவினர் வீடு ஒன்று இருக்கும். விடுதிப் பேச்சே எழாது!

லெகோலேண்ட்: மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு

இஸ்கண்டார் புத்ரியில் லெகோலேண்ட் 2012 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 249 அறைகள் கொண்ட அதன் விடுதி 2013இல் வந்தது. ஐவர் குடும்பம் இந்த விடுதியைக் கவனிக்க ஒரு காரணம் உண்டு. இங்குள்ள அறைகளில் பெற்றோருக்குப் பெரிய கட்டிலும், பிள்ளைகளுக்கு மறைப்புடன் கூடிய தனிப்பகுதியும் இருக்கின்றன. அந்தத் தனிப்பகுதியில் அடுக்குக் கட்டில் ஒன்றும், அதற்கு அடியிலிருந்து இழுத்துக்கொள்ளும் இன்னொரு கட்டிலும் உண்டு. அதாவது, ஒரே அறையில் பெரியவர் இருவர், சிறார் மூவர். நம் நாட்டில் ஐவரை மனத்தில் வைத்தே அறையை வடிவமைத்த விடுதிகள் அதிகம் இல்லை. இது அவற்றுள் ஒன்று.

ஆனால் கவனியுங்கள்: ஐந்து படுக்கைகளில் மூன்று, சிறாருக்கானவை. அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் என்ற குடும்பத்துக்கு அதே அறை பொருந்தாது. அறுபத்தைந்து வயது பாட்டியை ஏணி வைத்த அடுக்குக் கட்டிலிலோ, தரையை ஒட்டிய இழுப்புக் கட்டிலிலோ படுக்கச் சொல்ல முடியுமா? அத்தகைய குடும்பத்துக்குப் பூங்காவைச் சுற்றியுள்ள மெடினி பகுதியின் அடுக்குமாடி வாடகை வீடுகளே மேல். இரண்டு அல்லது மூன்று படுக்கையறை, சமையலறை, துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் கிடைக்கும். நீர்ப்பூங்காவில் நனைந்த ஐவரின் துணியை நினைத்துப் பார்த்தால் அந்த இயந்திரத்தின் அருமை புரியும்.

பிள்ளைகளின் வயதும் முக்கியம். லெகோலேண்ட் இரண்டு முதல் பன்னிரண்டு வயது வரை உள்ள சிறாருக்காக அமைக்கப்பட்ட பூங்கா. மூத்தவன் பதினைந்து, இளையவள் ஏழு என்றால், மூத்தவன் நாள் முழுவதும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பான். மூவருமே பன்னிரண்டுக்குக் கீழே என்றால், பூங்கா வாசலை ஒட்டிய விடுதியிலேயே ஓரிரவு தங்குவது கூடுதல் விலைக்குத் தகுதியானது என்பது என் கருத்து. ஜொகூர் வெயில் மண்டையைப் பிளக்கும். பூங்காவுக்குள் நிழல் குறைவு. நண்பகலில் அறைக்குத் திரும்பிச் சின்னக் குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, நான்கு மணிக்கு மீண்டும் போகலாம். தூரத்து விடுதியில் தங்கினால் இது நடக்காது.

எப்போது போவது என்பதில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருக்கிறது. முன்பு ஜொகூரில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். நெகிரி செம்பிலானிலிருந்து போகும் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குள் நுழைந்தால், உள்ளூர் மக்கள் வேலையிலும் பள்ளியிலும் இருப்பார்கள். வரிசை குறைவாக இருக்கும். 2025 ஜனவரி முதல் தேதியிலிருந்து ஜொகூரும் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டது. அந்தச் சலுகை இனி இல்லை. சிங்கப்பூர் பள்ளி விடுமுறையையும் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச், செப்டம்பரில் ஒரு வாரம், ஜூனில் ஒரு மாதம், நவம்பர் நடுவிலிருந்து ஆண்டு இறுதிவரை. பாலம் தாண்டி வரும் குடும்பங்களுக்கு நம் விலை மலிவு. நமக்குத்தான் அறை கிடைக்காது. 2026இலிருந்து நம் பள்ளி ஆண்டும் மீண்டும் ஜனவரியில் தொடங்குவதால், டிசம்பரில் இரு நாட்டுக் கூட்டமும் ஒன்றாகச் சேரும். டிசம்பரில்தான் போக வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்னதாகவே பதிவு செய்துவிடுங்கள்.

கெந்திங்: மலிவு அறை, ஆனால் இரண்டு

ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்திலுள்ள கெந்திங்கின் ஃபர்ஸ்ட் வேர்ல்ட் விடுதியில் 7,351 அறைகள். உலகிலேயே அதிக அறைகள் கொண்ட விடுதி என்று 2015இல் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்றது. இத்தனை அறைகள் இருந்தும் பெரும்பாலானவை இருவர் அல்லது மூவருக்கான சிறிய அறைகளே. ஐவர் என்றால் இரண்டு அறை எடுத்தாக வேண்டும். வாரநாள்களில் விலை கணிசமாகக் குறையும் என்பதால், இரண்டு அறை எடுத்தாலும் வேறிடத்தின் ஓர் அறையைவிட மலிவாக முடியும் நாள்கள் உண்டு. அதே அறை சனிக்கிழமை இரவில் பல மடங்கு உயர்ந்திருக்கும்.

இரண்டு அறை எடுக்கும்போது, இரண்டும் ஒரே மாடியில் அடுத்தடுத்து இருக்குமா என்பதுதான் பெற்றோரின் கவலை. பதிவுத் தளத்தில் 'அருகருகே வேண்டும்' என்று எழுதுவது வேண்டுகோள் மட்டுமே, உத்தரவாதம் அல்ல. ஆயிரக்கணக்கான அறைகள் உள்ள கட்டடத்தில் பத்து மாடி தள்ளி அறை கிடைத்தால், ஆளுக்கு ஓர் அறை என்று அப்பாவும் அம்மாவும் பிரிந்து படுப்பதைத் தவிர வழியில்லை.

மலையில் வெளிப்புறப் பூங்காவான ஸ்கைவேர்ல்ட்ஸ் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. மழையும் பனிமூட்டமும் வந்தால் சவாரிகள் நிறுத்தப்படும். சிறு பிள்ளைகள் என்றால் கட்டடத்துக்குள்ளேயே இருக்கும் ஸ்கைட்ரோபொலிஸ் பூங்கா மாற்றாக உதவும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அங்கே சூதாட்ட மையமும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. 21 வயதுக்கு உட்பட்டோர் உள்ளே போக முடியாது. குடும்பத்தோடு போன இடத்தில் ஒருவர் 'அரைமணி நேரத்தில் வருகிறேன்' என்று கிளம்பும் ஆபத்து எந்த வீட்டில் உண்டு என்பது அந்தந்த வீட்டுக்குத் தெரியும்.

அ ஃபமோசா: தனிவீடும் குளமும்

அலோர் காஜா அருகே சிம்பாங் அம்பாட் டோலைத் தாண்டியதும் வரும் அ ஃபமோசா நமக்கு மிக அருகில் உள்ளது; ஏறத்தாழ ஒரு மணி நேரம். நீர்ப்பூங்காவும் விலங்குப் பூங்காவும் அங்கே உண்டு. நம் மக்கள் அங்கே போவது பெரும்பாலும் வில்லா எனப்படும் தனிவீடுகளுக்காகத்தான். மூன்று, நான்கு படுக்கையறைகள், முற்றத்தில் சொந்த நீச்சல் குளம். ஐவருக்கு மட்டும் எடுத்தால் விலை அதிகம். அத்தை குடும்பத்தையும் சித்தப்பா குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டால், ஆளுக்கு வரும் பங்கு சாதாரண விடுதி அறையைவிடக் குறைந்துவிடும். ஐந்தாவது ஆள் என்ற பிரச்சினையும் அங்கே காணாமல் போய்விடுகிறது.

ஆனால், தனிவீட்டுக் குளத்தில் உயிர்காப்பாளர் இல்லை. பூங்காக் குளத்தில் விசில் ஊத ஒருவர் நிற்பார். வில்லாக் குளத்தில் நாமே நிற்க வேண்டும். பத்துப் பதினைந்து பேர் கூடியிருக்கும்போது 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்றே எல்லாரும் நினைப்பார்கள். நீரில் மூழ்கும் குழந்தை பெரும்பாலும் சத்தம் போடுவதில்லை. பதிவு செய்யும் முன்பே குளத்தின் ஆழம் எவ்வளவு, சுற்றிலும் வேலி உண்டா, பின்கதவைப் பூட்ட முடியுமா என்று கேளுங்கள். அங்கே போனதும் மணிக்கு ஒருவர் என்று முறைவைத்து, கைப்பேசியை வைத்துவிட்டுக் குளத்தைப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். பார்பிக்யூவில் கோழி வாட்டிக்கொண்டிருப்பவரை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

பல வில்லாக்கள் தனியாருக்குச் சொந்தமானவை என்பதால் முகநூலிலும் புலனத்திலும் விளம்பரம் வரும். இதே வழியில் மோசடிக்காரர்களும் வருகிறார்கள். வேறொருவர் வீட்டின் படத்தைப் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு மறைந்துவிடுவார்கள். பணம் அனுப்பும் முன் வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் அரச மலேசியக் காவல்துறையின் 'செமாக் மியூல்' அகப்பக்கத்தில் தட்டிப் பாருங்கள். அனுப்பிய பிறகு சந்தேகம் வந்தால் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணுக்கு அழையுங்கள்; தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

விலைப்பட்டியலில் தெரியாத செலவுகள்

அறை விலையில் பசியாறலும் அடங்கும் என்றால், பெரும்பாலும் அது இருவருக்கு மட்டுமே. மற்ற மூவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கட்ட வேண்டும். எங்கள் வீட்டிலும் ஐவர். கடற்கரை விடுதி ஒன்றில் காலைப் பசியாறலுக்காக மூவருக்குக் கட்டிய பணத்தில், வெளியே மாமாக் கடையில் ஐவரும் ரொட்டி சானாய் சாப்பிட்டு, மதியத்துக்கும் பொட்டலம் கட்டியிருக்கலாம் என்று அம்மா இன்றும் சொல்வார். பசியாறல் இல்லாத விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை இன்னொரு விஷயம். ஹலால் சமையலறையில் பன்றி இறைச்சி இருக்காது, மாட்டிறைச்சி இருக்கும். தட்டுகளின் மேல் பெயர் எழுதியிருந்தாலும், அதே கரண்டி அடுத்த தட்டுக்கும் போய்வரும். புரட்டாசி விரதம் இருக்கும் பாட்டிக்கு இது பெரும் சங்கடம். பூங்காக்கள் பெரும்பாலும் வெளி உணவை அனுமதிப்பதில்லை. அதனால் விரதக்காரர் இருக்கும் குடும்பம் சமையலறை உள்ள வாடகை வீட்டைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. 'சமையலறை உண்டு' என்று போட்டுவிட்டு மின்கேத்தல் மட்டும் வைத்திருக்கும் வீடுகளும் உண்டு என்பதால், அடுப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர்ப்பூங்காக்களில் ஜீன்ஸ், பருத்திச் சட்டை, சுடிதார் அணிந்து சறுக்குகளில் ஏற விடமாட்டார்கள். லைக்ரா, நைலோன் வகை நீச்சல் உடை கட்டாயம். அம்மாவுக்கு முழுக்கை, முழுக்கால் உள்ள நீச்சல் உடையை ஊரிலேயே வாங்கிவிடுங்கள். பூங்காவுக்குள் இருக்கும் கடையில் விலை அதிகம். உடை இல்லாததால் நாள் முழுவதும் பையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களை எல்லாப் பூங்காக்களிலும் பார்க்கிறேன். அவருக்கும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வந்திருக்கிறோம்.

டிக்கெட்டைப் பொறுத்தவரை சில பூங்காக்கள் வயதைப் பார்க்கும். சில, உயரத்தைப் பார்க்கும். லெகோலேண்டில் மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு டிக்கெட் தேவையில்லை. மலேசியர்களுக்குத் தனிக் கட்டணம் உள்ள இடங்களில் மைகாட், மைகிட் இல்லாவிட்டால் வெளிநாட்டவர் விலைதான். இரவுக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி வெளிநாட்டவருக்கு மட்டுமே உரியது. மலேசியக் குடும்பத்தின் ரசீதில் அது இருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

பதிவு செய்த பின் விடுதிக்கு நேராக அழைத்து, 'பெரியவர் இத்தனை, சிறார் இத்தனை, வயது இவை. ஐவருக்கும் இதே விலைதானா, கூடுதல் கட்டில் உண்டா, அதற்குத் தனிக் கட்டணமா?' என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். வாய்மொழி உறுதியை முகப்பில் இருப்பவர் அறியமாட்டார். அன்று பேசியவருக்கு அன்று விடுப்பாக இருக்கும்.

எழுத்தில் சொன்னதைத் தராமல் பணம் வாங்கியிருந்தால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் இந்த அமைப்பு 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. சம்பவம் நடந்த மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். இணையம் வழியாகவும் செய்யலாம். வழக்கறிஞர் தேவையில்லை. ரசீது, மின்னஞ்சல், அறையின் படம் ஆகியவற்றை எடுத்து வைத்திருங்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்.